எத்தனை இறாத்தல் பாண் எடுக்கிற பல்கலைக்கழகம்?

பல்கலைக்கழகமும் மூதூர் லோஞ்சும் ஒரே மாதிரி என்றுதான் நான் முதலில் நம்பியிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். நான் பொறுத்திருக்கிறேன்.

திருகோணமலை ஜெற்றியில் நின்று பார்த்தவர்களுக்கு என் நம்பிக்கையில் உள்ள நியாயம் விளங்கும். மூதூருக்குப் போகச் சின்ன லோஞ்ச் வந்தால் கோழிக்கூடை, சைக்கிள், குழந்தை, குடை எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பலகையால் ஏறப் பார்க்கும். கட்டியிருக்கிற சாரம் கிழியும், வாய்ச்சண்டை வரும். பெரிய லோஞ்ச் வந்த அன்று அதே சனம் மரியாதையாக ஏறி, கால் நீட்டியிருந்து, வெற்றிலை மடிக்கும். ஆகவே கலம் பெரிதானால் நெரிசல் குறையும். அரசாங்கம் நடத்துகிற பல்கலைக்கழகங்களில் மிகப் பெரியது எது என்று கண்டுபிடித்துவிட்டால், என் மகளும் அதில் கால் நீட்டியிருந்து படிக்கலாம். நரைத்த தலையும் மூக்குக்கண்ணாடியும் உள்ள ஒரு மனிதன் ஒரு வருஷம் முழுக்க இதை நம்பிக்கொண்டு திரிந்தான்.

எனக்கு அப்போது ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை. கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்து நங்கூரம் போட்டதும் லோஞ்சில் போய், தொங்குகிற ஏணியில் ஏறி, மாலுமிகளுக்கு வந்த கடிதங்களைக் கொடுத்துவிட்டு, தண்ணீர், பேக்கரிப் பாண், மரக்கறி, இறைச்சி எவ்வளவு வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவது. இருபது வருஷம் இதையே செய்தால் மூளை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். கப்பலின் பெயர், கொடி, நீளம் ஒன்றும் என் மனதில் தங்காது. 'ஐம்பது இறாத்தல் பாண் எடுக்கிற கப்பல்' என்று சொன்னால் உடனே கண்ணுக்குள் வந்து நிற்கும்.

எங்கள் தொழிலில் இன்னொரு விதியும் உண்டு. கப்பல் சமையற்காரன் முன்னால் இருக்கும்போது இரண்டாவது விலையை வாயால் விடக்கூடாது. முதல் விலையைச் சொல்லிவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். அவன் முனகுவான், தொப்பியைக் கழற்றி மேசையில் அடிப்பான், தன் தாயைச் சாட்சிக்குக் கூப்பிடுவான். நாங்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதைவிடக் குறைந்த விலை ஒன்று எங்கள் சட்டைப்பைக்குள் இருக்கிறது என்று அவன் மணந்துபிடித்தால் ஆட்டம் முடிந்தது.

மகள் உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பிய முதல் வருஷம், இந்த விதியை அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். படிவத்தில் முதல் தெரிவு, இரண்டாம் தெரிவு, மூன்றாம் தெரிவு என்று கட்டங்கள் வரிசையாகக் கீழே இறங்கிப்போகும். முதல் கட்டத்தில் அவள் பொறியியல் என்று எழுதினாள். இரண்டாவதில் பேனையை வைத்தாள்.

"நிப்பாட்டு," என்றேன்.

"ஏனப்பா? பௌதிக விஞ்ஞானம் எண்டு போடுவம். கணிதம் படிக்கலாம். எனக்கு அதுவும் விருப்பம்தான்."

"விருப்பத்தை வெளியில காட்டாத. பொறியியல் தராட்டில் இதுக்கும் சம்மதம் எண்டு நாங்களே எழுதிக் குடுத்தால், அவங்கள் ஏன் பொறியியல் தரப்போறாங்கள்? மற்றக் கட்டமெல்லாம் வெறுமையா விடு. விட்டிட்டு வானத்தைப் பார்."

"கொழும்பில படிவம் பாக்கிற ஆக்களுக்கு நான் இஞ்ச வானத்தைப் பாக்கிறது தெரியுமோ?"

நல்ல கேள்வி. ஆனால் கேட்டது பத்தொன்பது வயதுப் பிள்ளை. நான் இருபது வருஷ அனுபவசாலி. கட்டங்கள் வெறுமையாகவே போயின.

கொழும்பிலிருந்து வந்த கடிதமும் ஏறக்குறைய வெறுமையாகத்தான் இருந்தது. இரண்டு வரி. இடமில்லை.

அன்று மகள் அழவில்லை. மடித்த கடதாசி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். "அப்பா, பள்ளிக்கூடத்தில வெட்டுப்புள்ளி எல்லாம் எழுதிப் போட்டிருந்தது. பாத்து எழுதிக்கொண்டு வந்தனான். ஒருக்காப் பாருங்கோவன்."

வெட்டுப்புள்ளி என்றால், ஒரு படிப்புக்கு ஒரு மாவட்டத்திலிருந்து கடைசியாக எடுபட்ட பிள்ளையின் புள்ளி. வெட்டு விழுந்த பிறகு கத்தியை ஏன் அளக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் கப்பல் ஊதியது. "பிறகு, பிறகு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் குசினி வாசலில் நின்று தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னொருக்கா எழுதிறன். அதுவும் சரிவராட்டில் டைப்பிங் படிச்சிட்டு எங்கயாவது ஒரு கந்தோரில இருப்பன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மரக்கறி என்ன விலை என்று சொல்வதைப் போலச் சொன்னாள். எனக்குப் பயம் பிடித்தது அந்த நிமிஷத்தில்தான். பயம் பிடித்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள். என் மனைவி போனாள், அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். நான் விசாரணையில் இறங்கினேன்.

முதல் சாட்சி, மலைநாட்டிலிருந்து எங்கள் கப்பல்களுக்குக் கரட்டும் லீக்சும் கொண்டுவருகிற லொறிச் சாரதி. கந்தளாயில் தேத்தண்ணி குடித்துவிட்டு விடிய வந்து சேருவார். அவருடைய முதலாளிதான் மலைநாட்டுப் பல்கலைக்கழக விடுதிகளுக்கும் மரக்கறி போடுகிறவர் என்று ஒருநாள் கதையோடு கதையாகத் தெரியவந்தது. எனக்குச் சுவர்க்கத்தின் கதவு திறந்ததைப் போல இருந்தது.

"அங்க ஒரு நாளைக்கு எவ்வளவு மரக்கறி போகும்?" என்று கேட்டேன்.

"சில நாளைக்கு லொறி ரெண்டும் போதாது ஐயா."

"பாண்?"

"பாண் நான் கொண்டுபோறேல்லை. ஆனா பேக்கரி வான் வந்து நிக்கிறதைப் பாத்திருக்கிறன். ஒரே சண்டை."

வீட்டுக்கு வந்ததும் அறிவித்தேன். "நாட்டில பெரிய பல்கலைக்கழகம் எது எண்டு கண்டுபிடிச்சிட்டன். மலைநாட்டில இருக்கிறதுதான். கரட் மட்டும் ரெண்டு லொறி!"

மனைவி அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "ஏன், அங்க முயலுகளும் படிக்குதுகளோ?"

"இடம் கூட எண்டு அர்த்தம்."

"சாப்பிடுற ஆக்கள் கூட எண்டுதான் அர்த்தம். உள்ள போக நிக்கிற ஆக்களை ஆர் எண்ணினது?"

என் தத்துவத்துக்கு முதல் ஓட்டை அப்போதே விழுந்துவிட்டது. நான் அதைப் பார்க்காமல் வெளிநாடுகளுக்குத் தாவினேன். எனக்குத்தான் வெளிநாடு லோஞ்ச் தூரத்தில் இருந்ததே. கிழமைக்கு ஒன்றிரண்டு நாடாவது சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கு முன்னால் வந்து நங்கூரம் போடும். அதன்பின் நான் ஏறிய கப்பலில் எல்லாம் முதல் கேள்வி, "உங்கள் நாட்டில் அரசாங்கப் பல்கலைக்கழகம் பெரிதா?" இரண்டாவது, "உள்ளே போவது சுலபமா?" மூன்றாவது கேட்க வேண்டிய தண்ணீர்க் கேள்வி சில நாட்களில் மறந்தே போகும்.

எங்கள் லோஞ்சை ஓட்டியவர் கிண்ணியாக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஒருநாள் நான் ஏணியால் இறங்கி வந்து, "நானா, இவங்கட ஊர்ப் பல்கலைக்கழகத்தில நூலகம் மட்டும் ஆறு மாடியாம்," என்றேன்.

"நல்லம். தண்ணி எத்தின தொன் வேணுமாம்?"

நான் கடலைப் பார்த்தேன்.

"ஏறுங்க, திரும்பி ஏறுங்க," என்றார் நானா. "ஆறு மாடியில இருந்து படிக்கிறவனுக்கும் தாகம் எடுக்கும்."

ஓர் இந்தியக் கப்பலின் வானொலி அதிகாரி தங்கள் பல்கலைக்கழகத்தின் கீழ் எத்தனையோ கல்லூரிகள் என்று கையை விரித்துக் காட்டினார். கை விரிந்த அகலத்தைப் பார்த்து நான் மயங்கிவிட்டேன். ஆனால் எந்தக் கல்லூரியில் இடம் சுலபம் என்று கேட்டதும் விரித்த கையை மடக்கிக்கொண்டார். "ஓ, அதையா கேட்கிறீர்கள்? என் தம்பிக்கே நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் நாட்டில் ஏதாவது உண்டா?"

மகள் அந்த மாதங்களில் முன்னறையில் மேசையடியில் இருந்தபடி கணக்குச் செய்துகொண்டேயிருந்தாள். நான் கொண்டுவரும் செய்திகளுக்கு "ஓமப்பா" என்பாள். ஒரு தடவை மட்டும் தலை நிமிர்த்திக் கேட்டாள். "அந்த நாட்டில என்ன பாஷையில படிப்பிப்பினம்?"

அதை நான் கேட்டிருக்கவில்லை. பாண் எவ்வளவு என்று கேட்டிருந்தேன்.

இரண்டாவது முறை பரீட்சை எழுதி, மறுபடி படிவம் வந்தபோது, அதை என்னிடம் காட்டாமலே அவள் நிரப்பினாள். உறையில் போட்டு, ஒட்டி, கொழும்பு விலாசத்தை எழுதி என் கையில் தந்தாள். "பதிவுத் தபாலில போடுங்கோ அப்பா. முடிவுத் திகதிக்கு இன்னும் பத்து நாள் கிடக்கு."

பத்து நாள்! என் விசாரணை முடிய அது போதும். உறையைத் தோல்பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏனென்றால் அந்தக் கிழமைதான் குளிர்நாட்டுக் கப்பல் ஒன்று தேயிலை ஏற்ற வந்திருந்தது. நூறு இறாத்தல் பாண் எடுத்த கப்பல். அதன் இரண்டாம் அதிகாரி தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு எனக்கு மயிர் கூச்செறிந்தது. அரசாங்கத்தினுடையதாம். ஒரு தெருவின் இரண்டு பக்கமும் அதுதானாம். பள்ளிக்கூடம் முடித்த எவரும் போய்ப் பெயரைப் பதியலாமாம், யாரும் மறிப்பதில்லையாம். மிகப் பெரியது, மிகச் சுலபமானது. நான் தேடிய மகா லோஞ்ச்!

ஏழு நாள் அவர் பின்னால் திரிந்தேன். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தன. எட்டாவது நாள், எல்லாம் எழுதி முடித்தபிறகு, மரியாதைக்காகக் கேட்டேன். "நீங்கள் அங்கே படித்தீர்களா?"

"ஏன் இல்லை? சுலபமாக உள்ளே போனேன்," என்றார். "முதல் வருஷப் பரீட்சையில் பாதிப்பேரை வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் இப்போது கப்பலில் இருக்கிறேன்."

சொல்லிவிட்டு முகம் நிறையச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏணியால் இறங்கும்போது இரண்டு படி தவறியது.

மறுநாள் வழக்கத்துக்கு மாறாக எனக்குப் புத்தி வந்தது. அவசரமில்லாமல் இருந்த பத்து நாளை நானே தின்று ஒரு நாளாக்கிவிட்டேன் என்பதும் அந்தப் புத்தியோடு சேர்ந்தே வந்தது. முடிவுத் திகதிக்குள் கொழும்புக்குக் கடிதம் போய்ச்சேர வேண்டுமானால் அன்றைக்கே தபாலில் போட வேண்டும். குளிர்நாட்டுக் கப்பலும் அன்று காலைதான் புறப்படுகிறது. கடைசியாக வந்த கடிதங்களைக் கப்பலில் கொடுத்துவிட்டு, கரைக்கு வந்து, தபாற்கந்தோருக்கு ஓடி, வரிசையில் நின்று, உறையை எடுத்துப் பலகையில் வைத்தேன்.

தபாற்கந்தோர்க்காரர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயா, இது வந்த கடிதம். நீங்கள் அனுப்ப ஏலாது."

வெளிநாட்டு முத்திரை. கப்பலின் பெயர். இரண்டாம் அதிகாரிக்கு அவருடைய ஊரிலிருந்து யாரோ எழுதிய கடிதம். தோல்பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். பேனை, மூக்குத்தூள் டப்பி, பாதி பிஸ்கற். மகளின் விண்ணப்பம் மாலுமிகளின் கடிதக் கட்டோடு கப்பலுக்குப் போய்விட்டது.

அங்கிருந்து ஜெற்றிக்கு நான் எப்படி வந்தேன் என்பது எனக்குத் தெரியாது. சாரம் கட்டிய ஒருவர் "திருடனோ?" என்று யாரையோ கேட்டது மட்டும் காதில் விழுந்தது. தூரத்தில் அந்தக் கப்பல் நங்கூரத்தைத் தூக்கி, மூக்கைத் துறைமுக வாசல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது.

"நானா! கப்பல்! மகளின்ர விண்ணப்பப் போம்!"

"என்ன, மகளையும் ஏத்தி அனுப்பிட்டீங்களா?" என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் கயிற்றை அவிழ்த்தார். இயந்திரத்தை முடுக்கினார். அந்த லோஞ்ச் தன் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. நான் முன்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன். கப்பல் தளத்தில் நின்றவர்கள், இந்த மனிதனுக்கு எங்கள்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்திருக்க வேண்டும். அவர்களும் கையை ஆட்டினார்கள். ஒருவன் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தான்.

"இன்னும் பின்னால போங்க நானா! அவர் பின்பக்கத்திலதான் நிப்பார்!"

"பின்னால போனா விசிறி அடிச்சு எங்கள சம்பலாக்கிடும். பிறகு உங்கட மகளுக்கு வாப்பாவும் இல்ல, போமும் இல்ல. இதில நிண்டு கத்துங்க."

கத்தினேன். கடைசியில் இரண்டாம் அதிகாரி கம்பியருகே வந்து குனிந்து பார்த்தார். கையில் கடிதக் கட்டு. நான் அவருடைய கடிதத்தைத் தூக்கிக் காட்டினேன். அவர் கட்டைக் கிளறி, சுருள் சுருளான தமிழ் எழுத்துள்ள உறையைத் தூக்கிக் காட்டினார். பிறகு கயிற்றில் ஒரு வாளி இறங்கியது. வாளிக்குள் என் மகளின் எதிர்காலம். எடுத்தேன், அவருடைய கடிதத்தைப் போட்டேன், வாளி மேலே போனது.

"முதல் வருஷம்!" என்று இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார் அவர். "முதல் வருஷம் கவனம்!"

அந்த வாளியால்தான் காலையில் தளம் கழுவியிருக்கிறார்கள். அடியில் சவர்க்காரத் தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. உறை வாய் திறந்து, நுரை கக்கிக்கொண்டு என் கையில் கிடந்தது. நானா படிவத்தை வாங்கி விரித்து, சூடான இயந்திரப் பெட்டியின் மூடியில் பரப்பினார். நல்லவேளை, மகள் குமிழ்முனைப் பேனையால் எழுதியிருந்தாள். ஓர் எழுத்தும் கரையவில்லை.

"மகள் எல்லாக் கட்டமும் நிரப்பியிருக்கா தம்பி," என்றார் நானா.

பார்த்தேன். முதலாவதில் பொறியியல். அது எனக்காக என்று எனக்குத் தெரியும். இரண்டாவதில் பௌதிக விஞ்ஞானம், அதே மலைநாட்டுப் பல்கலைக்கழகம், இரண்டு லொறி கரட். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஒரு கட்டம் மிச்சமில்லை. எங்களிடம் இருந்த விலைகளையெல்லாம் கொழும்புக்கு ஒரேயடியாகச் சொல்லியிருந்தாள்.

என் கை தானாகப் பையிலிருந்த பேனைக்குப் போனது. இரண்டாவதிலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தால் போதும்.

"என்ன தேடுறீங்க?" என்றார் நானா.

"பேனை."

"எழுதுறதுக்கு அதில இடமில்லையே."

பேனையை எடுக்கவில்லை. மூக்குத்தூள் டப்பியை எடுத்தேன். காற்றில் பாதி பறந்தது, மீதியில் நாங்கள் இரண்டு பேரும் தும்மிக்கொண்டே கரைக்கு வந்தோம். தபாற்கந்தோர் மூடுவதற்கு முன், புது உறையில், பதிவுத் தபாலில் அது போனது. சவர்க்கார மணம் கொஞ்சம் இருந்தது. கொழும்பில் யாரும் குறை சொன்னதாகத் தகவலில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு கடிதம் வந்தது. மகள் படித்தாள், தாயிடம் கொடுத்தாள். தாய் படித்துவிட்டு நேரே போய்ச் செருப்பை மாட்டினாள், மெழுகுதிரி வாங்க. பொறியியல் அந்த முறையும் கிடைக்கவில்லை. இரண்டாவது கட்டத்தில் எழுதியது கிடைத்திருந்தது.

"பாத்தியே?" என்று குதித்தேன். "பெரிய பல்கலைக்கழகம் சுலபம் எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்!"

"பெரிசு எண்டதால இல்லை அப்பா. அந்தப் படிப்பை முதலாவதாப் போடுற ஆக்கள் குறைவு. எங்கட மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளியும் குறைவு."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் கணிதப் புத்தகத்துக்குள்ளிருந்து அந்த மடித்த கடதாசியை எடுத்து விரித்து வைத்தாள். போன வருஷத்து வெட்டுப்புள்ளிகள். அவளுடைய எழுத்து. பௌதிக விஞ்ஞானம் என்ற வரியில் எங்கள் மாவட்டத்துக்கு நேரே ஒரு புள்ளி. பக்கத்தில் சின்னதாக, முதல் முறை அவள் எடுத்த புள்ளி.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தேன். "இதை ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"சொல்ல வந்தனான். நீங்கள் கப்பலுக்குப் போயிட்டீங்கள்."

முதல் முறை அவள் எடுத்த புள்ளி அந்த வெட்டுப்புள்ளியைவிட அதிகமாக இருந்தது. இரண்டாவது கட்டம் வெறுமையாகப் போயிருக்காவிட்டால், அவள் ஒரு வருஷம் முன்னாலேயே அங்கே படிக்கத் தொடங்கியிருப்பாள்.